பசித்தும் உண்ணாத நோய்

உயிர்கள் யாவற்றுக்கும் உணவு இன்றியமையாதது என்பதை நாம் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோம். அதிலும் நம் பக்கத்து ஊர்களில் உணவுக்கு உள்ள மதிப்பே தனி. ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்னவுடன் வெளியூர்க்காரர்கள் கேட்பது பால்கோவாவைத்தான். 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இராஜபாளையத்து வீடுகளிலோ விருந்துக்கு வந்தவர் "போதும், போதும்" என்று இலையின்மேல் கையை விரித்தாலும், கை இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி விழுந்துவிடும். வழியில் கண்டவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுத்தான் நாம் பேச்சைத் தொடங்குகிறோம்.

இப்படிப்பட்ட ஊரில், பானையில் சோறு இருந்தும், வயிற்றில் பசி இருந்தும், உண்ண முடியாமல் ஒருவர் மெலிந்து போவார் என்றால் நம்ப மனம் வருமா? ஆயினும் அப்படி ஒரு நோய் உண்டு. அது வறுமையால் வருவதன்று, பிடிவாதத்தால் வருவதுமன்று. அதைக் கேள்விப்பட்டவர்களிற்கூடப் பலர், "அது வெள்ளைக்காரர் வீட்டு நோய், பணக்காரப் பெண்களுக்கு வருவது, நமக்கு எங்கே வரப்போகிறது?" என்று எண்ணுகின்றனர். இந்த எண்ணத்தின் மூன்று பகுதிகளும் தவறானவை. நோய் ஆள் பார்த்து வருவதில்லை. நாம்தான் ஆள் பார்த்து அதைக் காணாமல் விட்டுவிடுகிறோம். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் வகைகள்

மருத்துவர்கள் இந்நோய்களை உணவுண்ணல் கோளாறுகள் என்று அழைக்கின்றனர். அவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது அனொரெக்ஸியா நெர்வோசா. இந்நோய் கண்டவர் உணவை வரவர ஒதுக்கிக்கொண்டே போவார். உடல் மெலிந்த பின்பும் அந்த மெலிவின் ஆபத்து அவருக்குத் தெரியாது. அனொரெக்ஸியா என்ற சொல்லுக்குப் பசியின்மை என்று பொருள். ஆனால் இந்தப் பெயர் பொருத்தமானதன்று. நோயாளிக்குப் பசி உண்டு. அந்தப் பசியோடு போராடுவதிலேயே அவருடைய நாள் கழிகிறது.

இரண்டாவது புலிமியா நெர்வோசா. சிறிது நேரத்தில் தம்மை மறந்து மிகுதியாக உண்பதும், பிறகு அச்சமும் வெட்கமும் மேலிட, உண்டதை எவ்வகையிலாவது போக்கிவிட முயல்வதும் இதன் தன்மை. இவர்கள் மெலிந்தே இருப்பார்கள் என்பதில்லை. புலிமியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு எருதின் பசி என்பது பொருள். இதைப் படித்தபோது எனக்கு மணிமேகலைக் காப்பியத்தின் காயசண்டிகை நினைவுக்கு வந்தாள். எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோயால் 12 ஆண்டுகள் துன்புற்று, அமுதசுரபியின் உணவால் அவள் நலமடைந்தாள். அது சாபத்தால் வந்த பசி. இதுவோ வேறு வகை. ஆனால் நம் முன்னோர் அடங்காத பசியைப் பேராசை என்று இகழாமல் நோய் என்றே அழைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது மிகையுணவுக் கோளாறு. கட்டுப்பாடு இழந்து அடிக்கடி மிகுதியாக உண்டு, பிறகு மனம் நொந்துபோவது இதன் இயல்பு. உண்டதைப் போக்கும் முயற்சி இதில் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013-ஆம் ஆண்டில் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது.

இவை சாதாரண நோய்கள் அல்ல. உண்ணாமையால் எலும்புகள் வலுவிழக்கின்றன, முடி உதிர்கிறது, மாதவிலக்கு நின்றுபோகலாம், இரத்தத்தில் உப்புகளின் அளவு மாறி இதயத் துடிப்பே தடுமாறும். மனநோய்களில் மிகுதியான உயிர்களைக் கொண்டுபோகும் நோய்களுள் அனொரெக்ஸியாவும் ஒன்று. உலகப் புகழ் பெற்ற அமெரிக்கப் பாடகி காரென் கார்ப்பென்டர் இந்நோயின் விளைவாக இதயம் செயலிழந்து 1983 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 32.

"சாப்பிட்டால் சரியாகிவிடுமே!"

இந்நோயைப் பற்றிக் கேட்டவுடன் எல்லோர் வாயிலும் வரும் சொல் இது. சாப்பிட்டால் சரியாகும்தான், ஆனால் சாப்பிட முடியாமையே நோயாக இருக்கும்போது என் செய்வது? இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சோதனை உதவுகிறது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். போரினால் பட்டினி கிடக்கும் மக்களை மீட்பது எப்படி என்று அறிவதே அவர் நோக்கம். உடல்நலமும் மனநலமும் மிக்க 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். அவர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவே தரப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. வியப்பு என்னவென்றால், அவர்களுடைய மனமும் மாறிவிட்டது. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து உண்டார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், வெயிலிலும் குளிர்கிறது என்றார்கள். மீண்டும் நிறைய உணவு கிடைத்த பின்பும் சிலரால் தங்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

இவர்களில் ஒருவருக்கும் முன்பு உணவுண்ணல் கோளாறு இருந்ததில்லை. அழகு பார்க்கும் ஆசையும் இதில் இல்லை. பட்டினியே மனத்தை இப்படி வளைக்க வல்லது என்பதை இச்சோதனை காட்டியது. "பசி வந்தால் பத்தும் பறந்து போகும்" என்ற நம் பழமொழி எத்தனை உண்மை! எனவே விளையாட்டாகவோ, பிறர் கேலிக்குப் பயந்தோ ஒருவர் உணவைக் குறைக்கத் தொடங்கினாலும், ஒரு கட்டத்திற்குப் பின் அது அவர் கையில் இருப்பதில்லை. கிணற்றில் இறங்கியவருக்குக் கீழே போகப் போகப் படிக்கட்டு இல்லாமற்போவது போன்றது அது.

எல்லோரும் உணவைக் குறைத்தால் எல்லோருக்கும் நோய் வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. உடலமைப்பிலேயே சிலருக்கு இந்நோய்க்கு இடம் கொடுக்கும் தன்மை உண்டு. ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, அனொரெக்ஸியாவுடன் தொடர்புள்ள எட்டு இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டறிந்தது. மனம் மட்டுமன்றி, உடல் உணவைப் பயன்படுத்தும் முறையும் இதில் சேர்ந்துள்ளது என்று அது காட்டியது. ஆதலால் இந்நோயைக் குணக்கேடு என்று கூறுவது, சர்க்கரை நோயைக் குணக்கேடு என்று கூறுவது போலாகும்.

ஆண்களுக்கும் வருமா?

1689-ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், வேறு நோய் எதுவுமின்றி உணவை மறுத்து உருக்குலைந்த இரு இளைஞர்களைப் பற்றி எழுதினார். அவர்களில் ஒருத்தி 18 வயதுப் பெண். மற்றவன் 16 வயதுப் பையன். ஆக, இந்நோயின் முதல் மருத்துவக் குறிப்பிலேயே பாதி இடம் ஓர் ஆண்பிள்ளைக்கு உரியது. ஆனால் 1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதற்குப் பெயர் சூட்டிய காலம் முதலாக, இது இளம்பெண்களின் நோய் என்றே பேச்சு வளர்ந்தது.

எந்த அளவுக்கு என்றால், மாதவிலக்கு நின்றிருப்பது அனொரெக்ஸியாவுக்கு உரிய அடையாளங்களுள் ஒன்று என்று மருத்துவ நூலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆணுக்கு அந்த அடையாளம் எப்படிப் பொருந்தும்? 2013-இல்தான் அந்த விதியை நீக்கினார்கள். அமெரிக்காவில் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2007-இல் வெளியாயிற்று. அதன்படி வாழ்நாளில் அனொரெக்ஸியா கண்ட பெண்கள் 1,000-க்கு 9 பேர்; ஆண்கள் 1,000-க்கு 3 பேர். மிகையுணவுக் கோளாறு பெண்களில் 100-க்கு 3.5 பேருக்கும், ஆண்களில் 100-க்கு 2 பேருக்கும் வந்திருந்தது. பெண்களுக்கே மிகுதி என்பது உண்மை; பெண்களுக்கு மட்டுமே என்பது பொய்.

ஆண்பிள்ளைகளிடம் இந்நோய் வேறு வேடம் பூண்டு வருவதுண்டு. பெண் மெலிய விரும்பினால், பையன் புஜங்கள் திரள விரும்புவான். எத்தனை தசை வளர்ந்தாலும் தான் நோஞ்சான் என்றே கண்ணாடி அவனுக்குச் சொல்லும். உடற்பயிற்சி நல்லதே. ஆனால் காய்ச்சலிலும் ஜிம்முக்கு ஓடுவது, வீட்டில் சமைத்த சோற்றைத் தொடாமல் மாவுப் பொடியைக் கரைத்துக் குடித்தே நாளைக் கழிப்பது, ஒரு நாள் பயிற்சி தவறினால் உலகமே இருண்டதுபோல் வருந்துவது ஆகியவை எச்சரிக்கைகள். நம் அண்ணன் தம்பிகளிடம் இவற்றைக் கண்டால் "நல்ல பழக்கம்" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

எந்த இனத்தாருக்கு வரும்?

வெள்ளையருக்கே வரும் என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் பல உள்ளன. முதலில் பிஜித் தீவுக்குப் போவோம். கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடினாரே, அதே பிஜிதான். அங்குள்ள பழங்குடி மக்களிடம் உடல் பருத்திருப்பது பெருமை; ஒருவர் இளைத்தால் வீட்டார் கவனிக்கவில்லையோ என்று ஊர் கவலைப்படும். 1995-இல் அங்கு தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் அவ்வாண்டும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998-லும் பிஜிய இனப் பள்ளி மாணவியரை வினவினார். எடைக்காக உண்டதை வெளியேற்றியவர் 1995-இல் ஒருவரும் இல்லை. 1998-இல் 100-க்கு 11 பேர் அவ்வாறு செய்ததாகக் கூறினர். தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆயினும் பருத்த உடலைப் போற்றும் பண்பாடுகூட வேலியாக நிற்கவில்லை என்பது தெளிவு. அன்று ஒரு தொலைக்காட்சி. இன்றோ நம் உள்ளங்கையிலேயே கைப்பேசி!

அடுத்து இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரம். இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர். அங்கு 14 முதல் 16 வயது வரையுள்ள பள்ளி மாணவியரை ஆராய்ந்து 1988-இல் முடிவுகளை வெளியிட்டனர். புலிமியா வெள்ளை மாணவியரில் 100-க்கு ஒருவருக்கும் குறைவாகவும், ஆசிய மாணவியரில் 100-க்கு மூவருக்கு மேலாகவும் இருந்தது. வீட்டில் ஒரு வழக்கம், பள்ளியில் ஒரு வழக்கம் என்று இரண்டுக்கும் நடுவே வளரும் பெண்களின் மன நெருக்கடி இதற்கு ஒரு காரணமாகலாம் என்று கருதப்பட்டது.

மூன்றாவதாக ஒரு சோதனை. இது என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அமெரிக்காவில் மனநலச் சிகிச்சை அளிப்பவர்களிடம் ஒரு பெண்ணின் நாட்குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். உணவுண்ணல் கோளாறின் அறிகுறிகள் அதில் இருந்தன. எல்லோருக்கும் ஒரே குறிப்புத்தான். ஆனால் அவள் வெள்ளையினப் பெண் என்று சிலரிடமும், இலத்தீன் அமெரிக்க மரபினள் என்று சிலரிடமும், கறுப்பினப் பெண் என்று சிலரிடமும் கூறினார்கள். வெள்ளையினப் பெண் என்று எண்ணியவர்களில் 100-க்கு 44 பேரும், இலத்தீன் அமெரிக்கப் பெண் என்று எண்ணியவர்களில் 41 பேரும் அவள் உண்ணும் முறையில் கோளாறு இருப்பதாகக் கண்டனர். கறுப்பினப் பெண் என்று எண்ணியவர்களிலோ 17 பேர் மட்டுமே கண்டனர். 2006-இல் வெளியான இந்த ஆய்வில் நோய் ஒன்றே; எழுத்தும் ஒன்றே. படித்தவரின் கண் மட்டுமே மாறிவிட்டது.

நம் நாட்டில் அது போடும் முகமூடி

அப்படியானால் இந்தியாவில் இந்நோய் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் பாடநூலில் எழுதிய முகத்தோடு எப்போதும் வருவதில்லை. 1995-இல் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உணவை மறுத்தல், ஓயாத வாந்தி, மிகுந்த மெலிவு ஆகியவற்றோடு அவர்கள் வந்தார்கள். ஆனால் "நான் பருத்திருக்கிறேன்" என்னும் தவறான எண்ணம் அவர்களிடம் காணப்படவில்லை. அதனால் நோயைக் கண்டறிவதே கடினமாயிற்று. இதற்கு ஈராண்டுகளுக்கு முன் ஹாங்காங்கில் 70 சீன நோயாளிகளை ஆராய்ந்தபோதும் 41 பேரிடம் பருத்துவிடுவோம் என்ற அச்சம் இல்லை. "வயிறு உப்புசமாக இருக்கிறது", "பசிக்கவே இல்லை" என்பவையே அவர்கள் சொன்ன காரணங்கள்.

இந்தச் சொற்கள் நமக்குப் புதியவையா? "கேஸ் டிரபிள்", "நெஞ்சைக் கரிக்கிறது", "சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது" என்பவை நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் சொற்கள் அல்லவா? பெரும்பாலும் அவை வெறும் வயிற்றுக் கோளாறாகவே இருக்கும். ஆனால் சோதனை எல்லாம் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் ஒரு பிள்ளை உண்ணாமல் மெலிந்தால், திருஷ்டி கழித்ததோடும் மந்திரித்ததோடும் நின்றுவிடலாகாது.

நம் மாநிலத்திலும் ஆய்வு நடந்துள்ளது. சென்னையில் மருத்துவ மாணவர்கள் 210 பேரை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் உணவையும் உடலையும் பற்றிய மனவேதனைக்கு ஆளாகியிருந்ததாகக் குறிப்பிட்டனர். அது முற்றிய நோய் அன்று. நோயின் மென்மையான வடிவம் எனலாம். நாளை மருத்துவர் ஆகப்போகிறவர்களிடமே இது இருந்தது! பின்னர் பெங்களூரில் மனநல மருத்துவர்கள் 66 பேரிடம் கேட்டபோது, மூன்றில் இரு பங்கினர் இத்தகைய நோயாளி ஒருவரையேனும் பார்த்திருந்ததாகக் கூறினார்கள். அந்த ஆய்வு 2012-இல் வெளியாயிற்று.

பசியும் இதுவும் ஒன்றல்ல

நாம் வாழ்வது காமராசர் பிறந்த விருதுநகர் மாவட்டம். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்றுணர்ந்து பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பியவர் அவர். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 முதல் காலை உணவும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. உணவில்லாமையை வெல்ல நம் மாநிலம் அரும்பாடுபட்டிருக்கிறது. ஆனால் உணவு இருந்தும் உண்ண முடியாமையை வெல்லச் சோறு மட்டும் போதாது. அன்பும் மருத்துவமும் வேண்டும்.

இவ்விரண்டும் வேறு வேறாயினும், ஒன்றின் நிழலில் மற்றொன்று ஒளிந்துகொள்கிறது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை உண்டு. சோர்ந்து கிடக்கும் பெண்கள் இத்தனை பேர் இருக்கும்போது, நோயினால் சோர்ந்தவளை யார் தனியே கவனிப்பார்? எல்லோருக்கும் பரிமாறிய பின் மிஞ்சியதை உண்ணும் அம்மாக்கள் எத்தனை பேர்! கொன்றைவேந்தனில்கூடப் பெண்கள் உணவைச் சுருக்கிக்கொள்வதை அழகு என்று கூறும் ஓர் அடி உண்டு. குறைவாக உண்ணும் பெண்ணை அடக்கமானவள் என்று மெச்சும் வழக்கம் இருக்கும்வரை, நோயாளியும் அந்தப் புகழுரைக்குள் மறைந்தே இருப்பாள்.

நோன்பும் நோயும்

நம் ஊர்களில் நோன்பு இல்லாத மதம் இல்லை. நமக்குத் தவக்காலம், இஸ்லாமியத் தோழியருக்கு ரமலான், இந்துத் தோழியருக்கு ஏகாதசியும் புரட்டாசிச் சனியும். அப்படியென்றால் நோன்பு நோயா? ஒருக்காலும் இல்லை. வட இந்திய நகரம் ஒன்றில் பள்ளி மாணவியருக்கு மேலைநாட்டு வினாத்தாளைக் கொடுத்தபோது மிகப் பலர் நோயாளிகள்போல் தோன்றினார்கள். சில வினாக்களை அவர்கள் தம் வழக்கப்படி வேறு பொருளில் புரிந்துகொண்டதே அதற்குக் காரணம். உண்ணாதிருப்பவரெல்லாம் நோயாளி என்று கொள்வதும் தவறு. நோயாளியை நோன்பாளி என்று போற்றுவதும் தவறு. இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

அதற்கு நம் ஊர் ஆண்டாளிடமே விடை இருக்கிறது. திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் நோன்பு நோற்கும் பெண்கள் நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள். 27-ஆம் பாட்டிலோ நெய் முழங்கை வரை வழிய, பால்சோற்றை எல்லோரும் கூடியிருந்து உண்கிறார்கள். நோன்புக்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. முடிவில் விருந்து உண்டு. அது தோழியரோடு சேர்ந்து நடக்கிறது. ரமலான் நோன்பும் ஒவ்வொரு மாலையும் பலரோடு அமர்ந்து திறக்கப்படுகிறது. நோயுற்றவருக்கு அதிலிருந்து விலக்கும் உண்டு. நமது தவக்காலமும் பாஸ்கா விருந்தில் நிறைவடைகிறது. ஆனால் நோய்க்கு முடிவு நாள் கிடையாது. அதில் விருந்தும் இல்லை, தோழமையும் இல்லை. ஒளிவும் தனிமையுமே உண்டு.

திருச்சபைச் சட்டம் இவ்விஷயத்தில் எத்தனை பரிவுடையது என்பதைத் தோழியர் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். 14 வயது நிறைந்தவர்களுக்கு இறைச்சி தவிர்க்கும் கடமை உண்டு. ஆனால் நோன்பிருக்கும் கடமை 18 வயது நிறைந்த பின்னரே தொடங்குகிறது. நம் வயதில் திருச்சபை நம்மைப் பட்டினி கிடக்கும்படி கேட்கவில்லை. புனித சியன்னா கத்தரீனம்மாள் தம் கடைசி ஆண்டுகளில் ஏறத்தாழ எதையும் உண்ண இயலாதவராயிருந்து, 1380-இல் 33-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவரை உண்ணும்படி ஆன்ம குருக்கள் வற்புறுத்தினர். தாம் மற்றவர்போல் உண்ண வேண்டும் என்று அப்புனிதையும் இறைவனை மன்றாடினார். நோயாளிகளிடமும் ஏழைகளிடமும் அவர் காட்டிய அன்பே நாம் பின்பற்ற வேண்டியது, உண்ணாமையை அன்று.

நாம் என்ன செய்யலாம்?

நம் தோழி ஒருத்தி மதிய வேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடுகிறாளா? "வீட்டில் சாப்பிட்டேன்" என்று பள்ளியிலும், "பள்ளியில் சாப்பிட்டேன்" என்று வீட்டிலும் சொல்கிறாளா? உண்டவுடன் ஒவ்வொரு முறையும் தனியே எழுந்து போகிறாளா? வெயிலிலும் குளிர்கிறது என்கிறாளா? முன்பு கலகலப்பாக இருந்தவள் ஒதுங்கி இருக்கிறாளா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் நோய் என்று முடிவு செய்யலாகாது. பல சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சொல்வது கோள் சொல்வதாகாது. பொதுத்தேர்வு நடக்கும் ஆண்டில், "படிப்புக் கவலை, தேர்வு முடிந்தால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடவும் கூடாது.

முதலாவது, கேலியை விடவேண்டும். "குண்டு", "பூசணி", "ஊதினால் பறந்துவிடுவாய்" என்பவை நமக்கு விளையாட்டு, கேட்பவருக்கு முள். "மெலிந்து அழகாகிவிட்டாயே" என்ற பாராட்டும் சில வேளைகளில் நோய்க்கு உரமாகிறது. உடலைப் பற்றிப் பேசாமல், "நீ இப்போதெல்லாம் சிரிப்பதே இல்லையே, என்னிடம் சொல்லலாமா?" என்று கேட்பது நல்லது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அடித்தும் அதட்டியும் ஊட்டினால் நோய் தீராது. நெடுநாள் உண்ணாதவருக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுப்பதும் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொற்படி அளவாகவே தொடங்க வேண்டும். 1980-களில் இலண்டனில் உருவான குடும்பச் சிகிச்சை முறையில் பெற்றோரே முக்கியமான துணைவர்கள். யார் குற்றம் என்று ஆராயாமல், ஒவ்வொரு வேளையும் பிள்ளையுடன் அமர்ந்து, பொறுமையோடு உண்ணச் செய்வதே அதன் சாரம். கூடி உண்ணும் வழக்கமுள்ள நம் குடும்பங்களுக்கு இது அயலானதன்று. குழந்தை மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்டலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: ஊர் நாலு நாள் பேசும், பிள்ளையோ நமக்கு ஆயுளுக்கும் வேண்டும். உரிய காலத்தில் சிகிச்சை பெற்றவர்கள் பலர் முழு நலம் பெற்றிருக்கிறார்கள்.

அன்புத் தோழியரே! இந்நோய்க்குச் சாதியில்லை, மதமில்லை, நிறமில்லை. ஆண் பெண் என்ற வேற்றுமையும் இல்லை. மில்லில் வேலை செய்பவர் வீட்டுக்கும் வரலாம், மில் முதலாளி வீட்டுக்கும் வரலாம். நம் ஆண்டவர் தம் சீடர்களுக்கு இறுதியாக விட்டுச் சென்ற அடையாளம் கூடி உண்ணும் ஒரு விருந்தே அன்றோ? ஆகவே மதிய மணி அடித்ததும் நம் வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால், எழுந்து சென்று அவளைத் தேடி அழைத்து வருவோமாக!